பொதியா, வவுச்சரா, பணமா? மலையகத் தோட்டங்களில் நிவாரணம் வழங்கும் வழிகளும் அவற்றின் இடர்களும்

மலையகத்தில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனங்கள் மழைக்காலத்துக்கு முன்னர் எடுத்திருக்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் தள்ளிப்போடும் முடிவொன்று உண்டு: மண்சரிவினால் இடம்பெயரும் குடும்பங்களுக்கு உதவியை எந்த வடிவில் கொடுப்பது? உலர் உணவுப் பொதி, கடையில் பொருள் பெறும் வவுச்சர், பணம் ஆகிய மூன்றும் கையிலுள்ள தெரிவுகள். அனர்த்தம் நேர்ந்த பின்னர் அவசரத்தில் முடிவெடுக்கும் நிறுவனங்கள் பொதியின் பக்கமே சாய்கின்றன. அது பழகிய வழி. கையொப்பமும் நிழற்படமும் அன்றைக்கே கிடைத்துவிடும். நிதி வழங்குநரும் கேள்வி கேட்கமாட்டார். ஆனால் நிறுவனத்துக்குப் பாதுகாப்பான வழி குடும்பத்துக்கும் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. மூன்று வழிகளிலும் இடர் உண்டு. ஒவ்வொரு வழியும் அந்த இடரை வெவ்வேறு ஆளின் தோளில் இறக்கி வைக்கிறது என்பதால், அது யார் தோள் என்ற கேள்வியை முன்வைத்தே இங்கு அவற்றை ஒப்பிடுகிறேன்.

ஒப்பீடு அந்தரத்தில் நிற்காதிருக்க ஒரு நிலைமையைக் கற்பித்துக்கொள்வோம். பதுளை மாவட்டத்தின் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேற்பிரிவைச் சேர்ந்த 120 குடும்பங்கள் லயங்களை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வெளியேற்றப்பட்டு, தோட்டப் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் தங்கியிருக்கின்றன. பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதை ஓரிடத்தில் தாழிறங்கியிருக்கிறது. உதவும் நிறுவனத்திடம் ஒரு வேனும், சில பணியாளர்களும், இரண்டு மாதங்களுக்குப் போதுமான நிதியும் உள்ளன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவையோ, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் பட்ட பாட்டையோ அறிந்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதாக இராது. அட்டன், நோர்வூட், மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழையும், பசறை, லுணுகலை, ஹல்துமுல்லை ஆகிய கிழக்கு, தெற்குப் பக்கங்களுக்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை பெய்யும் மழையும் ஆபத்தானவை என்பதால், இரு பக்கமும் பணியாற்றும் நிறுவனத்துக்கு ஆயத்தம் செய்யக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகியது.

உலர் உணவுப் பொதி

முதல் சில நாள்களில் பொதிக்கு மாற்று இல்லை. வீதி மூடப்பட்டு, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்த நிலையில், வங்கிக் கணக்கில் விழும் பணம் வெறும் இலக்கமாகவே இருக்கும். டித்வாவின்போது மலையகத்தின் பல பகுதிகள் இந்த நிலையைக் கண்டன. அப்போது வேண்டியது சமைக்கக்கூடிய அரிசி, அதைவிட முக்கியமாகச் சமைத்த சோறு.

அந்த நாள்கள் கழிந்த பின்னர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மனிதாபிமானப் பணிக்கான ஸ்பியர் தரநிலைகள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரியை அடிப்படையாகக் கொள்கின்றன. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு அது 10,500 ஆகிறது. 10 கிலோ அரிசி, 5 கிலோ கோதுமை மா, 2 கிலோ பருப்பு, 2 கிலோ சீனி, ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் என்று ஒரு பொதி கட்டினால், அது தரும் சக்தி ஏறக்குறைய 77,000 கிலோ கலோரி. அதாவது ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போதும். “ஒரு மாத நிவாரணம்” என்று பதாகையில் அச்சிட்டு வழங்கப்படும் பொதிகள் பல இந்த அளவைத் தாண்டுவதில்லை. ஒரு பொதியின் எடை ஏறத்தாழ 20 கிலோ. 120 குடும்பங்களுக்கு வாரந்தோறும் 2,400 கிலோ மேலே போக வேண்டும். தாழிறங்கிய இடத்துக்கு அப்பால் லொறி போகாது. அங்கிருந்து அதைத் தூக்குபவர்கள் அந்தக் குடும்பங்களின் பெண்களும் இளைஞர்களும்தான்.

பொதியின் பெரிய இடர் இந்த வீதியில்தான் இருக்கிறது. கொள்முதலில் ஊழல், எடைக்குறைவு, களஞ்சியத்தில் ஈரம் ஏறுதல் ஆகியவற்றை நிறுவனங்கள் தங்கள் இடர்ப் பதிவேட்டில் ஒழுங்காகக் குறித்து வைக்கின்றன. மூன்று விலைமனு, இருவர் கையொப்பம், திடீர்ப் பரிசோதனை என்று அவற்றுக்குப் பரிகாரமும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு லொறியைச் சரியும் மலையில் ஏற்றுவது, சாரதியையும் உதவியாளரையும் வாரத்துக்கு ஒரு தடவை உயிராபத்தில் நிறுத்துவதாகும் என்பது பல பதிவேடுகளில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. தோட்டப் பாதைகளை விடுங்கள். 2025 நவம்பரில் கடுகண்ணாவையில் கொழும்பு–கண்டி வீதியே மண்சரிவினால் மூடப்பட்டது. பெரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாய இறங்கும் வீதியிலோ, றம்பொடை வளைவுகளிலோ மழைநாளில் லொறி ஓட்டியவர்களிடம் கேட்டால், இந்த இடரை எங்கே எழுத வேண்டும் என்று சொல்லித்தருவார்கள்.

இன்னொரு சிக்கல், பொதி தேவையை ஊகிக்கிறது. நீரிழிவு உள்ள முதியவருக்கும் பாலூட்டும் தாய்க்கும் அதே சீனியும் அதே மாவும் போகின்றன. விறகும் சட்டியும் மண்ணுக்குள் போன வீட்டுக்குப் பருப்பு வந்து சேர்கிறது. ஊடகங்களில் பெயர் அடிபட்ட தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து வரும் லொறிகள் வரிசைகட்ட, வீதியிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் பிரிவுகளை எவரும் எட்டிப்பார்ப்பதில்லை. அளவுக்கு மிஞ்சிய அரிசி கடைக்காரரிடம் குறைந்த விலைக்குப் போகும். கிடைத்த காசு மருந்துக்கோ பிள்ளையின் பஸ் கட்டணத்துக்கோ செலவாகும். அந்த விலை வேறுபாடு முழுவதும் குடும்பத்தின் நட்டம். கணக்காய்வாளர் காண்பது பொதி பெற்றதற்கான கையொப்பத்தை மட்டுமே.

இடம்பெயர்வு நீளும்போது இந்தக் குறை பெருகுகிறது. மீரியபெத்தையில் உயிர்தப்பியவர்களில் பலர், 2016இல் மாகல்தெனியத் தோட்டத்தில் 75 வீடுகள் கையளிக்கப்படும்வரை தற்காலிக இடங்களில், அவற்றுள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும், வாழ வேண்டியிருந்தது. வாரக் கணக்கை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட உதவிமுறை, ஆண்டுக் கணக்கில் நீளும் வாழ்க்கைக்குப் பொருந்தாது.

வவுச்சர்

வவுச்சர் பொதிக்கும் பணத்துக்கும் நடுவே நிற்கும் நல்ல சமரசமாகத் தோன்றும். லொறி வேண்டாம், குடும்பம் தனக்கு வேண்டியதைத் தெரிவு செய்யலாம், செலவு எதற்கு ஆனது என்பதும் பதிவில் இருக்கும். நகரத்துக்கு அண்மையில் இது நன்றாகவே செயற்படுகிறது. மேற்பிரிவில் நிலைமை வேறு. நடந்து போகும் தூரத்தில் ஒன்றோ இரண்டோ கடைகள்தான் இருக்கும். அந்தக் கடைக்காரரிடமே ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் பற்றுக்கணக்கு இருக்கும். வவுச்சரை நீட்டியதும் அவர் முதலில் பழைய பாக்கியைக் கழிப்பார்; மிச்சத்துக்கு அவர் சொல்லும் விலையில் பொருள் கிடைக்கும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனெனில் நிறுவனம் வவுச்சர்களுக்கான பணத்தை அவருக்குக் கொடுக்கச் சில வேளை ஆறு வாரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை அந்தச் செலவைச் சுமப்பவர் அவரே. பாடசாலைச் சீருடைக்கும் பாதணிக்கும் அரசாங்கம் வவுச்சர் வழங்கிய காலத்தில், குறித்த கடையைத் தேடிப் பஸ் ஏறிய பெற்றோருக்கு இந்தச் சிக்கலின் ஒரு பாதி தெரியும்.

ஆகவே வவுச்சரை உணவுக்கான பொது வழியாகக் கொள்ள எனக்குத் தயக்கமே. கூரைத் தகரம், பாடசாலை உபகரணம், மூக்குக்கண்ணாடி போன்ற, தரம் முக்கியமான, ஒரே தடவை வாங்கும் பொருள்களுக்கு அது பொருத்தமானது. அங்கும் மூன்று கடைகளையேனும் சேர்த்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் பணம் செலுத்த எழுத்தில் உறுதியளிக்க வேண்டும்.

பணம்

பணம் கொடுப்பதற்கு எதிராக முதலில் வரும் ஆட்சேபம் சாராயம். கூட்டங்களில் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியே வாழ்பவர்கள்; தம் சம்பளத்தைப் பற்றி இப்படியொரு கேள்வி எழுப்பப்பட்டால் அவர்கள் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து உலக வங்கி 2014இல் வெளியிட்ட மீளாய்வு, நேரடிப் பண உதவி மது, புகையிலைச் செலவைக் கூட்டுகிறது என்பதற்குச் சீரான சான்று இல்லை என்றே கண்டது. ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005 இறுதியில் உலக உணவுத் திட்டம் இலங்கையின் சில பகுதிகளில் உணவுப் பங்கீட்டுக்குப் பதிலாகப் பணம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோதும், உணவு பெற்ற குடும்பங்கள் அரிசியையும் மாவையும் கூடுதலாக உண்டன. பணம் பெற்ற குடும்பங்கள் இறைச்சி, பால் வகைகள் போன்றவற்றையும் உடைகளையும் வாங்கின. குடிப்பழக்கம் சில வீடுகளில் மெய்யான துன்பம்தான். அதற்கான பதில், பணத்தைப் பெண்ணின் பெயரிலுள்ள கணக்கில் இடுவதும், அதனால் வீட்டில் அவருக்குத் தொல்லை வருமா என்று அவரையே தனியாகக் கேட்டறிவதும் ஆகும்.

மெய்யான இடர்கள் வேறிடத்தில் உள்ளன. முதலாவது, எட்டும் தூரம். பஸ் வசதியற்ற பிரிவிலிருந்து பண்டாரவளைக்கோ பதுளைக்கோ வங்கிக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் செல்லும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டதை நினைவிற்கொண்டால், அந்த ஒரு நாள் வேலை இழப்பும் பஸ் செலவும் உதவித்தொகையிலிருந்து கழிகிற கட்டணம் என்பது விளங்கும். இரண்டு தவணையாகக் கொடுப்பதை ஒரே தவணையாக்கினால் இந்தக் கட்டணம் பாதியாகும். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு 2023 முதல் வங்கிக் கணக்குகளுக்கு வருவதனால் பல குடும்பங்களிடம் கணக்கு இருக்கிறது. ஆனால் அத்திட்டத்தில் விடுபட்டவர்களே பல வேளை நிவாரணம் மிகத் தேவைப்படுபவர்களாகவும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர், முதியவர்களை வங்கி முகப்பிலிருந்து திருப்பி அனுப்பும். அவர்களுக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதத்தை மழைக்கு முன்னரே எடுத்து வைக்காவிட்டால், பணம் வரும் நாளில் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் பணம். ஒரு குடும்பத்துக்கு 20,000 ரூபாய் என்றால் 120 குடும்பங்களுக்கு 24 இலட்சம். அதை ஒரு வேனில் வைத்துக்கொண்டு தோட்டப் பாதையில் ஏறுவது, லொறியின் இடரை எடுத்துவிட்டுக் கொள்ளையின் இடரைப் பணியாளர் மேல் ஏற்றுவதாகும். தபாலகம் அல்லது கைத்தொலைபேசிவழிப் பணச் சேவை இருக்கும் இடத்தில் இதைத் தவிர்க்கலாம். ஈஸி கேஷ் போன்ற சேவை 2012 முதல் நாட்டில் உள்ளது. ஆனால் முகவரான கடையில் ஒரே நாளில் 120 பேருக்குக் கொடுக்கும் அளவுக்குப் பணம் இருக்காது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, விலைவாசி. பொதி கொடுக்கும்போது அரிசி விலை ஏறினால் நிறுவனம் தாங்கும். பணம் கொடுக்கும்போது குடும்பம் தாங்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வகுத்த திட்டத்தொகையை ஆண்டிறுதியில் அப்படியே கொடுத்த திட்டம், எண்ணியதைவிடக் கணிசமாகக் குறைந்த உணவையே கொடுத்திருக்கும். உதவித்தொகை எண்ணைத் திட்ட ஆவணத்தில் இறுக்கி எழுதாமல், அருகிலுள்ள நகரச் சந்தையில் மாதந்தோறும் எடுக்கும் விலைப்பட்டியலோடு அதைப் பிணைத்து எழுத நிதி வழங்குநரைச் சம்மதிக்க வைப்பதே இதற்கான வழி.

கடைசியாகக் கடன். நுண்நிதிக் கடன் வசூலிப்பவர்கள், அடகுக்கடை, சீட்டு எல்லாம் பணம் வரும் நாளை அறிந்திருப்பார்கள். ஒரு குடும்பம் உதவித்தொகையில் கடனை அடைத்தால் அதைத் தவறான பயன்பாடு என்று எழுதும் அறிக்கைகளோடு எனக்கு உடன்பாடில்லை. அடகிலிருந்த காதுத் தோட்டை மீட்பதும் ஒரு குடும்பம் எழுந்து நிற்பதன் பகுதிதான். ஆனால் வசூலிப்பவர் முகாம் வாசலில் வந்து நிற்பது வேறு விடயம். பட்டியலை அறிவிப்புப் பலகையில் அடையாள அட்டை இலக்கத்தோடும் தொலைபேசி இலக்கத்தோடும் ஒட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமன்றி, அந்தத் தாள் வசூலிப்பவருக்கு வேலையை எளிதாக்குகிறது என்பதற்காகவும் அதை நிறுத்த வேண்டும். கொடுப்பனவு நாளைக் குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியில் தனித்தனியே அறிவித்தால் போதும்.

யார் கையால்

வடிவத்தைப் போலவே வழங்கும் கையும் முடிவைத் தீர்மானிக்கிறது. தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. ஆயினும் வீடும் பாதையும் தொழிலும் ஒரே துரைத்தனத்தின் (தோட்ட முகாமையின்) கையில் இருக்கும் பழைய அமைப்பு பெரிதாக மாறவில்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்த சட்டப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. எனவே நிவாரணத்துக்குப் பெயர்ப்பட்டியல் கேட்டால், முதலில் வருவது தோட்டக் கந்தோரின் செக்ரோல் எனும் தொழிலாளர் பதிவேடு. அதில் வேலைக்குப் பதிந்தவர்கள் இருப்பார்கள். ஓய்வுபெற்றவர், கொழும்பில் கடையில் வேலைசெய்து பணம் அனுப்பும் மகனின் குடும்பம், ஒரே லய அறையில் திரையிட்டு வாழும் இரண்டாவது குடும்பம், வெளிநாடு போன தாயின் பிள்ளைகளை வளர்க்கும் அம்மாயி, இவர்களில் பலர் இருக்கமாட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் தரும் பட்டியல் இவர்களைச் சேர்க்கலாம். ஆனால் மாற்றுச் சங்கத்தின் சந்தாக்காரர் எதிர்பாராமல் கீழே இறங்கிவிடும் வாய்ப்பும் அதில் உண்டு. கிராம உத்தியோகத்தரின் பதிவு அதிகாரபூர்வமானது, ஆனால் அவரது கிராம உத்தியோகத்தர் பிரிவில் பல தோட்டங்கள் இருந்தால் அவர் லயம் லயமாகப் போய்ப் பார்த்திருக்க முடியாது.

இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்வதைவிட, மூன்றையும் வாங்கி, ஒரு மாலை பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) பெண்களைக் கூட்டி, லயத்தின் முதல் அறையிலிருந்து கடைசி அறைவரை வாசித்துப் பார்ப்பது நல்லது. விடுபட்ட பெயர்கள் அங்கே தாமாக வெளிவரும். துரையையும் தலைவரையும் ஒதுக்கிவிட்டு இதைச் செய்ய முயல்வது புத்திசாலித்தனமல்ல. பாதையைத் திறப்பவரும் மண்டபத்தைத் தருபவரும் அவர்களே; அவர்கள் முகம் சுளித்தால் அடுத்த நாள் குடும்பங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். இருவரையும் சாட்சிகளாக அமர்த்தி, பொதியையோ பணத்தையோ அவர்கள் கையால் கொடுக்கும் வாய்ப்பை மட்டும் தவிர்க்க வேண்டும். சலுகைக்காக எவரும் எதையும், குறிப்பாகப் பாலியல் ரீதியான எதையும், கேட்டால் முறையிட ஒரு தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். அதை எடுப்பவர் அந்தத் தோட்டத்தைச் சேராத, தமிழ் பேசும் பெண்ணாக இருக்க வேண்டும்.

என் முடிவு

மேலே கற்பித்த நிலைமைக்கு நான் பரிந்துரைப்பது இது: பாதை மூடியிருக்கும் முதல் நாள்களுக்கு மட்டும் சமைத்த உணவும் உலர் உணவும்; மின்சாரமும் வங்கியும் திரும்பியவுடன், பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து, பெண்ணின் பெயரில் ஒரே தவணையாகப் பணம்; வீடு திருத்தும் கட்டத்தில் தகரத்துக்கும் பாடசாலைப் பொருள்களுக்கும் வவுச்சர். வங்கிக் கணக்கு இல்லாத முதியவர்கள் சிலருக்குப் பொதி தொடரலாம். எல்லோருக்கும் ஒரே வடிவம் என்ற சமத்துவம் இங்கு உதவாது. பண வழியின் இடர்கள் குறைவானவை என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அந்த இடர்களை நிறுவனம் தன் உழைப்பால், கடிதம் எடுத்தும், விலை பார்த்தும், முகவரோடு பேசியும், தன் மேல் வாங்கிக்கொள்ள முடியும். பொதியின் இடர்களோ சாரதி மேலும் குடும்பத்தின் மேலும் விழுந்து அங்கேயே தங்கிவிடுகின்றன.

இதே கேள்வியை மேல்நோக்கியும் கேட்க வேண்டும். 2016இல் கைச்சாத்தான பேருடன்படிக்கையில் (Grand Bargain), மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகக் கொடுப்பதாகப் பெரிய நிதி வழங்குநர்கள் இணங்கினார்கள். பணம் அந்த வேகத்தில் கீழிறங்கவில்லை, இடர் இறங்கிவிட்டது. இழந்த பொருளுக்குரிய தொகையை உள்ளூர் அமைப்பே திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் கண்டால், கையொப்பமிடுமுன் இரண்டு விடயங்களைக் கேட்டுப் பெற வேண்டும்: அனர்த்தத்தால் ஏற்படும் இழப்புக்கு விலக்கு, நாட்கூலித் தொண்டர்கள் உட்பட வேனில் ஏறும் எல்லோருக்கும் விபத்துக் காப்புறுதிக்கான தொகை. இரண்டாவதைக் கேட்கப் பல அமைப்புகள் கூச்சப்படுகின்றன. வரவுசெலவுத் திட்டத்தில் பதாகைக்கு இருக்கும் வரி காப்புறுதிக்கு இல்லாமற்போவது இந்தக் கூச்சத்தால்தான்.

வண்டியை நிறுத்தும் அதிகாரமும் எழுத்தில் இருக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை முதல் நிலைக்கும், 100 இரண்டாம் நிலைக்கும், 150 மூன்றாம் நிலைக்கும் பொதுவான அளவுகோல்கள். ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும் வெளியேற வேண்டிய கட்டமே. பெரும்பாலான தோட்டங்களில் மழைமானி இருக்கிறது. காலையில் அந்த அளவைக் கேட்டறிவது ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டாம் நிலையில் லொறி ஏறாது, மூன்றாம் நிலையில் எவரும் ஏறுவதில்லை என்று முடிவுசெய்து, அதைச் செயற்படுத்தும் உரிமையைப் பணிப்பாளருக்கன்றிக் களத்தில் நிற்கும் உத்தியோகத்தருக்கும் சாரதிக்கும் கொடுக்க வேண்டும். மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருப்பதும் அதன்படி ஒருவர் நடப்பதும் வேறு வேறு.

வண்டி நின்றால் மேலே இருப்பவர்கள் என்ன உண்பது என்ற கேள்வி உடனே வரும். மேற்சொன்ன பொதிக் கணக்கின்படி 120 குடும்பங்களின் மூன்று நாள் உணவு ஏறத்தாழ ஒரு தொன். அதை மழைக்கு முன்னரே, நிலம் உறுதியானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினர் பார்த்துச் சொன்ன ஒரு கட்டடத்தில், பாடசாலை அதிபரிடமும் ஒரு பெண்கள் சங்கத்திடமும் தனித்தனிச் சாவியோடு ஒப்படைக்கலாம். மழைக்காலம் அமைதியாகக் கடந்தால், காலாவதியாவதற்கு இரண்டு மாதம் முன்னர் அந்த அரிசியும் பருப்பும் பிள்ளைக்காம்பராவின் மதிய உணவுக்குப் போகட்டும். அடுத்த பருவத்துக்குப் புதிதாக வாங்கும் செலவை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.